டெல்டாவிலிருந்து கோல்ஃப் ஆடப் புறப்படுகிறவருக்கு

பதினெட்டுக் குழிகள் கொண்ட ஒரு கோல்ஃப் திடலுக்கு ஏறத்தாழ 150 ஏக்கர் நிலம் வேண்டும். நம் பக்கத்துக் கணக்கில் சொன்னால் இருபத்திரண்டு வேலிக்கு மேல். ஆற்றுப் பாசனம் பாயும் நன்செய்யில் அத்தனை நிலத்தை ஒரே துண்டாக ஒரு விளையாட்டுக்கு ஒதுக்க யாருக்கும் மனம் வராது. வரவும் கூடாது என்பதே என் எண்ணம். ஆகவே தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் வசித்துக்கொண்டு இந்த ஆட்டத்தின்மேல் பற்று வைத்திருக்கும் எவரும் வெளியூர் சென்று ஆடுகிறவராகத்தான் இருந்தாக வேண்டும். சிங்கப்பூரிலும் வளைகுடா நாடுகளிலும் வேலை பார்த்தபோது கற்றுக்கொண்டு ஊர் திரும்பியவர்கள், வங்கியிலும் இராணுவத்திலும் பணியாற்றிப் பழகியவர்கள், பெங்களூருவில் இருக்கும் பிள்ளைகளோடு ஒருமுறை திடலுக்குப் போய் ஆசை பிடித்துக்கொண்டவர்கள் என இங்கே இருக்கும் சிலருக்காக இதை எழுதுகிறேன். நான் கும்பகோணத்தில் இருந்துகொண்டு பல ஆண்டுகளாக இப்படித்தான் ஆடி வருகிறேன்.

முதல் பயணத்தில் நான் செய்த தவற்றிலிருந்தே தொடங்குகிறேன். கோல்ஃப் பையைக் காரில் ஏற்றிக்கொண்டு, எந்த முன்னறிவிப்பும் இல்லாமல், மலைமேல் உள்ள ஒரு கிளப்பின் வாசலில் காலை எட்டு மணிக்குப் போய் நின்றேன். அன்று உறுப்பினர்களுக்கான போட்டி நடந்துகொண்டிருந்தது. மாலைவரை காத்திருந்தும் ஒரு குழிகூட ஆட முடியாமல், ஏறி வந்த கொண்டை ஊசி வளைவுகளில் மறுபடி இறங்கினேன். பணமோ திறமையோ குறைவாக இருந்ததால் அப்படி நேரவில்லை. கேட்க வேண்டியவரிடம், கேட்க வேண்டிய நேரத்தில், கேட்க வேண்டியதை நான் கேட்டிருக்கவில்லை.

முதலில் அனுமதி

நம் நாட்டின் பழைய கோல்ஃப் திடல்களில் பெரும்பாலானவை உறுப்பினர் சங்கங்களுக்குச் சொந்தமானவை. திரையரங்கில் சீட்டு வாங்குவதுபோல் கட்டணம் செலுத்தி உள்ளே நுழையும் இடங்கள் மிகவும் குறைவு. வெளியூர் ஆட்டக்காரருக்கு மூன்று வழிகள் இருக்கின்றன. அந்தக் கிளப்பின் உறுப்பினர் ஒருவர் உங்களை விருந்தினராக அழைத்துச் செல்லலாம். நீங்கள் உறுப்பினராக உள்ள கிளப்புக்கும் அதற்கும் இணைப்பு ஒப்பந்தம் இருந்தால், உங்கள் செயலாளரிடமிருந்து அறிமுகக் கடிதம் பெற்றுச் செல்லலாம். மூன்றாவதாக, சில நாட்களுக்கென்று தற்காலிக உறுப்பினராகச் சேர்த்துக்கொள்ளும் ஏற்பாடு, அல்லது பார்வையாளர் கட்டணம் என்று தனியாக வாங்கிக்கொண்டு ஆட விடும் ஏற்பாடு, சில கிளப்புகளில், குறிப்பாக மலை ஊர்களில், இருக்கிறது.

இணைப்பு ஒப்பந்தத்தைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். உங்கள் ஊர்க் கிளப்பில் கோல்ஃப் திடல் இல்லாவிட்டாலும், சீட்டாட்டமும் டென்னிஸ் களமும் மட்டுமே இருந்தாலும், அதன் இணைப்புப் பட்டியலில் கோல்ஃப் திடல் உள்ள கிளப் ஒன்று இருக்கக்கூடும். அந்தப் பட்டியலை அலுவலகத்தில் ஒருமுறை கேட்டு வாங்கிப் படித்துவிடுங்கள். இணைப்பு இருப்பதாலேயே கோல்ஃப் ஆடும் உரிமையும் உண்டு என்று எண்ணிவிடவும் வேண்டாம். சில ஒப்பந்தங்கள் தங்கும் அறைக்கும் உணவகத்துக்கும் மட்டுமே பொருந்தும்.

இரண்டு வாரங்களுக்கு முன்பே கிளப் செயலாளருக்கு மின்னஞ்சல் எழுதி, மூன்று நாள் கழித்துத் தொலைபேசியில் அழைப்பது என் வழக்கம். மின்னஞ்சலில் பெயர், ஊர், சொந்தக் கிளப், ஹேண்டிகேப் எண் (இதைப் பின்னால் விளக்குகிறேன்), எத்தனை பேர், எந்த நாள், காலையா பிற்பகலா என்ற ஏழு செய்திகளும் இருந்தால் போதும். தொலைபேசியில் எதிர்முனையில் இருப்பவர் பெரும்பாலும் அலுவலக உதவியாளராகவோ, ஆட்டக்காரர்களை நேரப்படி திடலுக்குள் அனுப்பும் ஸ்டார்ட்டராகவோ இருப்பார். "ஐயா, வணக்கம். நான் கும்பகோணத்திலிருந்து பேசுகிறேன். வெள்ளிக்கிழமை இரண்டு பேர் வந்து ஆட அனுமதி கேட்டுக் கடிதம் அனுப்பியிருந்தோம். அன்றைக்குப் போட்டி ஏதாவது இருக்கிறதா, வெளியூர்க்காரர்களுக்கு எந்த நேரம் கொடுப்பீர்கள்?" என்று நிதானமாகக் கேட்டால், கடிதத்தில் வராத பல செய்திகள் அந்த உரையாடலில் கிடைக்கும். கிரீன் ஃபீ என்னும் ஆட்டக் கட்டணம் எவ்வளவு, வார இறுதிக்குத் தனிக் கட்டணமா, பையைச் சுமந்து வழிகாட்டும் கேடி கட்டாயமா, வாடகைக்கு மட்டைகள் கிடைக்குமா, அட்டை ஏற்பார்களா, ரொக்கம் மட்டும்தானா என்பவற்றையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். சனி, ஞாயிறு காலை நேரங்கள் உறுப்பினர்களுக்கு உரியவை என்பதை மனத்தில் கொண்டு, செவ்வாய் முதல் வெள்ளி வரை ஒரு நாளைத் தேர்ந்தெடுத்தால் அனுமதி எளிதாகும். திங்கட்கிழமை பல திடல்களில் பராமரிப்புக்காக விடுமுறை.

ஹேண்டிகேப் சான்று

ஹேண்டிகேப் என்பது உங்கள் ஆட்டத் திறனைக் குறிக்கும் எண். 2020 முதல் உலக ஹேண்டிகேப் முறை நடைமுறைக்கு வந்தது. இந்தியாவில் இந்திய கோல்ஃப் யூனியன் இதைக் கவனிக்கிறது. மொத்தம் 54 குழிகளுக்கான மதிப்பெண்களை முறையாகப் பதிவு செய்தால் முதல் எண் கிடைக்கும். பிறகு, கடைசி இருபது சுற்றுகளில் சிறந்த எட்டின் சராசரி அதைத் தீர்மானிக்கும். மிக அதிக எண் 54. புதிதாகத் தொடங்குகிறவர் 54 என்று சொல்லிக்கொள்வதில் எந்த வெட்கமும் வேண்டாம். இருபது என்று எழுதிவிட்டுத் திடலில் நாற்பதுபோல் ஆடினால்தான் பின்னால் வரும் நால்வருக்குத் தொல்லை.

இந்த எண் ஒவ்வொரு திடலிலும் சிறிது மாறும். திடலின் ஸ்லோப் மதிப்பை (சாதாரண ஆட்டக்காரருக்கு அது எவ்வளவு கடினம் என்பதன் அளவு) 113 ஆல் வகுத்து, உங்கள் எண்ணால் பெருக்கி, அத்துடன் கோர்ஸ் ரேட்டிங்கிலிருந்து (தேர்ந்த ஆட்டக்காரருக்கு அங்கே தேவைப்படும் அடிகளின் மதிப்பீடு) பாரைக் (திடலுக்கென்று வகுத்த அடிகளின் எண்ணிக்கை) கழித்து வருவதைக் கூட்ட வேண்டும். உங்கள் எண் 18, ஸ்லோப் 125, ரேட்டிங் 70.4, பார் 71 என்று வைத்துக்கொண்டால், பெருக்கலில் 19.9 வரும், அதில் 0.6 குறைத்தால் 19.3, ஆகவே அன்று உங்களுக்கு 19 அடிகள் சலுகை. ஸ்கோர் அட்டையிலோ டீ என்னும் தொடக்க இடத்தின் பக்கத்துப் பலகையிலோ இந்த மதிப்புகள் அச்சிடப்பட்டிருக்கும்.

இங்கே உள்ளவருக்கு இந்த எண் எங்கிருந்து வரும் என்பதுதான் சிக்கல். யூனியனோடு இணைந்த ஏதாவதொரு கிளப்பில் உறுப்பினராக இருந்தால்தான் கிடைக்கும். சென்னையிலோ கோவையிலோ வெளியூர் உறுப்பினர் என்ற பிரிவில் சேர முடிந்தால், ஆண்டுக்கு நான்கைந்து முறை ஆடினாலும்கூட அது பயன் தரும் என்பது என் அனுபவம். சான்று இல்லாதவர் அதை மறைக்காமல் முன்கூட்டியே எழுதிவிட்டால், பல கிளப்புகள் கேடி துணையுடன், கூட்டம் இல்லாத பிற்பகலில் ஆட விடுகின்றன.

எங்கே போகலாம்

நம் பகுதியிலிருந்து நெருக்கமும் பொருத்தமும் பார்த்தால் நான் கொடைக்கானலையே முதலில் சொல்வேன். கொடைக்கானல் கோல்ஃப் கிளப் 1895இல் தொடங்கப்பட்டது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரத்தில், ஏற்ற இறக்கமான புல்வெளிகளும் மரக்கூட்டங்களும் சூழ அமைந்த பதினெட்டுக் குழித் திடல். தஞ்சாவூரிலிருந்து திருச்சி, திண்டுக்கல், வத்தலக்குண்டு வழியாகச் சுமார் 250 கிலோமீட்டர். ரயிலில் செல்கிறவர்கள் கொடைக்கானல் ரோடு நிலையத்தில் இறங்கி மேலே ஏற வேண்டும். காரில் போகிறவர்கள் இ-பாஸ் எடுத்தாக வேண்டும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் இந்த முறை நடைமுறைக்கு வந்தது. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் குடிநீர்ப் புட்டிகளுக்கு இரண்டு மலைகளிலும் தடை இருப்பதால், வீட்டிலிருந்தே எஃகுக் குவளையோ கூஜாவோ எடுத்துச் செல்லுங்கள்.

அந்தத் திடலில் காட்டுமாடுகள் மேயும். முதல்முறை பார்க்கிறவருக்கு ஊர் மாடுபோலத் தோன்றும். அருகில் போய்ப் படம் எடுக்கத் தோன்றும். ஒருபோதும் வேண்டாம். முழு வளர்ச்சி பெற்ற காளை ஏறக்குறைய ஒரு டன் எடை இருக்கும். அது தலையைத் திருப்பிப் பார்க்கும்போதே நீங்கள் பின்வாங்கிவிட வேண்டும். பந்து அதன் அருகில் கிடந்தால் என்ன செய்வது என்று கோல்ஃப் விதிகளிலேயே தெளிவாக உள்ளது. ஆபத்தான விலங்கு ஆட்டத்துக்கு இடையூறாக இருந்தால், விதி 16.2இன்படி தண்டனை அடி எதுவும் இல்லாமல் பந்தைப் பாதுகாப்பான இடத்தில் விட்டு ஆடலாம். நச்சுப் பாம்புக்கும் கொட்டும் தேனீக்களுக்கும் இதே விதிதான். வரப்பில் நடந்து பழகிய நமக்குப் பாம்பைப் பற்றித் தனியாகச் சொல்லத் தேவையில்லை. ஆனால் பந்தைத் தேடும் ஆர்வத்தில் புதருக்குள் கையை விடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். மட்டையால் விலக்கிப் பாருங்கள்.

அடுத்தது நீலகிரி. ஊட்டியில் ஜிம்கானா கிளப்பின் பதினெட்டுக் குழித் திடலும், குன்னூரை அடுத்த வெலிங்டனில் 1873இல் தொடங்கிய வெலிங்டன் ஜிம்கானா கிளப்பின் திடலும் இருப்பதால், மூன்று நாள் பயணத்தில் இரண்டிலும் ஆடிவிடலாம். வெலிங்டன் இராணுவப் பகுதி என்பதால் அடையாள அட்டையும் எழுத்து மூலமான அனுமதியும் கையில் இருக்க வேண்டும். நம் பக்கத்திலிருந்து நீலகிரிக்குப் போவது பலரும் நினைப்பதைவிட எளிது. மன்னார்குடியிலிருந்து இரவில் புறப்படும் செம்மொழி விரைவு வண்டி தஞ்சாவூர், திருச்சி வழியாகக் கோயம்புத்தூருக்கு விடியும் முன்பே போய்ச் சேர்ந்துவிடும். அங்கிருந்து மேட்டுப்பாளையம் வழியாகச் சாலையில் ஏறலாம். மலை ரயிலுக்கு வெலிங்டனிலேயே ஒரு நிலையம் இருக்கிறது என்றாலும், கோல்ஃப் பையோடு அந்தச் சிறு பெட்டிகளில் ஏறுவது மற்றப் பயணிகளுக்குத் துன்பம் என்பதால் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

கோயம்புத்தூரில் இறங்கியவர்கள் மலை ஏறாமலே ஆடவும் முடியும். செட்டிபாளையத்தில் உள்ள கோயம்புத்தூர் கோல்ஃப் கிளப்பும் பதினெட்டுக் குழித் திடல்தான். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்றுதான் அங்கே உண்மையான எதிராளி. ஆனி, ஆடி மாதங்களில் பந்தை உயரமாக அடித்தால் எங்கே விழும் என்று அடித்தவருக்கே தெரியாது. பந்தைத் தாழ்வாகச் செலுத்தக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல பள்ளி தமிழ்நாட்டில் இல்லை என்பது என் உறுதியான கருத்து. மயிலாடுதுறையிலிருந்து கும்பகோணம், தஞ்சாவூர் வழியாகச் செல்லும் ஜன் சதாப்தியில் பிற்பகல் ஏறினால் இரவு கோவையில் உறங்கி, மறுநாள் காலை காற்று எழும் முன் முதல் குழியில் நிற்கலாம்.

சென்னையில் இரண்டு பழைய திடல்கள் உள்ளன. 1873இல் தொடங்கிய காஸ்மோபாலிட்டன் கிளப்பும் தமிழ்நாடு கோல்ஃப் சம்மேளனமும் சேர்ந்து நடத்தும் நந்தனம் திடல் ஒன்று. 1884இல் தோன்றிய மெட்ராஸ் ஜிம்கானா கிளப்பின் திடல் மற்றொன்று. அது கிண்டி குதிரைப் பந்தயப் பாதையின் நடுவில் அமைந்தது. பந்தய நிலத்தை மீட்க 2024 செப்டம்பரில் அரசு நடவடிக்கை எடுத்து, அது நீதிமன்றத்துக்குச் சென்றிருப்பதால், கிண்டியில் ஆடத் திட்டமிடுகிறவர் அப்போதைய நிலவரத்தைக் கேட்காமல் ரயில் டிக்கெட் எடுக்க வேண்டாம். நந்தனம் திடல் அண்ணா சாலையை ஒட்டியே இருப்பதால், உழவன் விரைவு வண்டியிலோ மன்னை விரைவு வண்டியிலோ எழும்பூரில் இறங்குகிறவர் குளித்துக் காபி குடித்துவிட்டு நேரே போய்விடலாம். இரண்டிலும் விருந்தினருக்கு உறுப்பினர் அறிமுகம் மிகவும் முக்கியம்.

பெங்களூரு கோல்ஃப் கிளப் 1876இல் தொடங்கப்பட்டது. நகரின் நடுவில் உள்ளது. அந்நகரில் வேறு பெரிய திடல்களும் உண்டு. மயிலாடுதுறை, தஞ்சாவூர் வழியாக மைசூரு செல்லும் இரவு வண்டி பெங்களூருவில் நிற்கும். அங்கே மகனோ மருமகளோ வேலை பார்க்கும் இடத்தில் கிளப் உறுப்பினர் யாராவது ஒருவர் இருப்பார். அவர் மூலமாகக் கேட்பதே நடைமுறையில் எளிய வழி.

கடல் கடக்க விரும்புகிறவருக்கு இலங்கையைச் சொல்வேன், அதுவும் சென்னை வழியாக அல்லாமல் திருச்சி விமான நிலையத்திலிருந்தே. கொழும்புக்கு ஒரு மணி நேரப் பறப்பு. 1879இல் தொடங்கிய ராயல் கொழும்பு கோல்ஃப் கிளப்பின் திடலுக்குள்ளேயே களனிவெளி ரயில் பாதை ஓடுகிறது. வண்டி வரும்போது ஆட்டத்தை நிறுத்திக் காத்திருப்பார்கள். கண்டிக்கு அருகில் விக்டோரியா நீர்த்தேக்கத்தை ஒட்டி ஒரு புதிய திடலும் உள்ளது. ஆனால் என் மனத்தில் நிற்பது நுவரெலியா. 1889இல் தொடங்கிய பதினெட்டுக் குழித் திடல், சுமார் 1,870 மீட்டர் உயரம், ஊரின் நடுவிலேயே இருக்கிறது. அந்த மாவட்டத்தில் மலையகத் தமிழர் பெருமளவில் வாழ்கிறார்கள். அவர்களின் முன்னோர்களில் பலர் திருச்சி, தஞ்சைப் பகுதிகளிலிருந்து தேயிலைத் தோட்டங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டவர்கள். அந்த ஊரில் தமிழில் பேசிக்கொண்டு நடக்கும்போது, இருநூறு ஆண்டு இடைவெளியை ஒரு சொல் தாண்டிவிடுவதைப் பலமுறை உணர்ந்திருக்கிறேன். அங்கே போகிறவர்கள் அந்த மக்களோடு பேச நேரம் ஒதுக்குங்கள்.

எந்த மாதம்

நம் பக்கத்தில் எல்லாத் திட்டமும் தண்ணீரையும் அறுவடையையும் ஒட்டியே அமையும், இதுவும் அப்படியே. மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12இல் திறக்கப்படும் காலத்தில் நீலகிரியில் தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. அப்போது நம் வயலும் நனையும், கொடைக்கானலும் நனையும். மார்கழியில் ஊட்டியில் உறைபனி விழுவதால் காலை ஆட்டம் தாமதமாகத்தான் தொடங்கும். ஆகவே சம்பா அறுவடை முடிந்து களம் ஒழிந்த மாசி, பங்குனி மாதங்களே மலைத் திடல்களுக்கு மிகவும் ஏற்றவை. சித்திரை, வைகாசியில் பருவம் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் கோடை விடுமுறைக் கூட்டத்தில் அறையும் கிடைக்காது, மலைச்சாலையிலும் நகர முடியாது. சென்னைக்கும் கோவைக்கும் தை மாதம் சிறந்தது.

ஊரிலேயே பயிற்சி

திடல் இல்லை என்பதற்காகப் பயிற்சி இல்லாமல் போய் நின்றால், கட்டிய கட்டணத்தில் பாதி வீணாகிவிடும். தாளடி அறுவடை முடிந்த வயலில், தாள் கட்டைகளுக்கு நடுவே ஒரு துண்டுப் புல்பாயைப் போட்டு, ஒன்பதாம் எண் ஐயன் என்னும் இரும்பு மட்டையாலும், குறுந்தொலைவுக்கான வெட்ஜ் மட்டையாலும் முப்பது, ஐம்பது, எழுபது கஜத் தொலைவுகளை அடித்துப் பழகலாம். உரியவரிடம் கேட்டுக்கொண்டு, ஆள் நடமாட்டமும் ஆடு மாடும் இல்லாத நேரத்தில் மட்டும் செய்யுங்கள். 46 கிராம் எடையுள்ள அந்தப் பந்து வேகமாகப் பட்டால் உயிருக்கே ஆபத்து. நெடுந்தொலைவு அடிக்கும் மட்டையான டிரைவரை ஊரில் கையில் எடுக்கவே வேண்டாம்.

மணலைப் பொறுத்தவரை நமக்கு இருக்கும் வாய்ப்பு வேறு யாருக்கும் இல்லை. கோடையில் தண்ணீர் வற்றிய ஆற்றுப் படுகையில், மணல் மெல்லியதாகப் பரவிய இடத்தில் ஒரு கோடு கிழித்து, பந்தே இல்லாமல், அந்தக் கோட்டில் பந்து இருப்பதாக எண்ணி, அதற்கு இரண்டு அங்குலம் பின்னாலிருந்து மணலை மட்டும் வாரி எடுத்துப் பழகுங்கள். பங்கர் என்னும் மணல் பள்ளத்திலிருந்து பந்தை வெளியேற்றுவதன் சூட்சுமமே மட்டை பந்தைத் தொடாமல், பந்தின் அடியில் உள்ள மணல் அதைத் தூக்கிச் செல்வதுதான். பத்து நாள் இப்படிச் செய்தபின் நீங்கள் எந்தப் பங்கரைக் கண்டும் அஞ்ச மாட்டீர்கள். குழியின் விட்டம் 108 மில்லிமீட்டர். வீட்டு முற்றத்தில் அதே அளவில் ஒரு வட்டம் வரைந்து பட்டிங், அதாவது பந்தைக் குழிக்குள் உருட்டுவதைப் பழகலாம், ஆனால் சிமென்ட் தரையில் பந்து ஓடும் வேகத்துக்கும் புல்லில் ஓடும் வேகத்துக்கும் பெரிய வேறுபாடு உண்டு என்பதால், நேர்கோட்டை மட்டும் பழகிக்கொண்டு வேகத்தைத் திடலில் பழகுங்கள். கூடவே நடைப்பயிற்சி. பதினெட்டுக் குழிகள் என்பது ஏழு எட்டுக் கிலோமீட்டர் நடை. சமதரையில் வாழும் நமக்கு மலைத் திடலில் அது இரட்டிப்பாகத் தெரியும். மலைக்குப் போன அன்றே ஆடாமல் ஓர் இரவு ஓய்வெடுத்துக்கொள்வது நல்லது.

கொண்டுசெல்வன

விதிப்படி பதினான்கு மட்டைகள்தான் உச்ச அளவு; பயணத்துக்கு எட்டு போதும். டிரைவர், ஒரு ஹைபிரிட், நான்கு ஐயன், மணலுக்கு ஒரு சாண்ட் வெட்ஜ், குழிக்குள் உருட்ட ஒரு பட்டர் என்று நான் எடுத்துச் செல்கிறேன். ரயிலில் பையைக் கீழ்ப் படுக்கையின் அடியில் நீளவாக்கில் வைத்துப் பூட்டுச் சங்கிலியால் கட்டிவிடலாம். விமானத்தில் மட்டைகளை உள்ளே எடுத்துச் செல்ல அனுமதி இல்லை. விளையாட்டுப் பொருள் என்று முன்பே பதிவு செய்து சரக்காகவே அனுப்ப வேண்டும். தொலைவு அளக்கும் கருவியின் லித்தியம் பேட்டரி மட்டும் கைப்பையில் இருக்கட்டும். பந்துகளைத் தாராளமாக எடுத்துச் செல்லுங்கள், புதிய திடலில் பத்துப் பன்னிரண்டு தொலைவது இயல்பு.

உடை பற்றிப் பலர் தயங்குகிறார்கள். திடலில் காலர் வைத்த சட்டை, ஜீன்ஸ் அல்லாத முழுக் காற்சட்டை, மென்முள் பதித்த கோல்ஃப் காலணி என்பவை எங்கும் ஏற்கப்படும். மாலையில் கிளப் கட்டடத்துக்குள் வேட்டியோடு போகலாமா என்றால், தமிழ்நாட்டில் தாராளமாகப் போகலாம்; வேட்டி கட்டியவரை உள்ளே விட மறுக்கக் கூடாது என்று 2014இல் சட்டமே இயற்றப்பட்டுள்ளது. நம் ஊர்க்காரர் ஒருவர் சட்டம் இருப்பது தெரியாமல், பையில் கொண்டுபோன வேட்டியை அப்படியே திருப்பிக் கொண்டுவந்ததைக் கேட்டபோது வருத்தமாக இருந்தது. ஆகவேதான் இதைக் குறிப்பிட்டு எழுதுகிறேன்.

திடலில்

குறித்த நேரத்துக்கு நாற்பது நிமிடம் முன்பே போய், அலுவலகத்தில் கட்டணம் செலுத்தி, ரசீதை ஸ்டார்ட்டரிடம் காட்டுங்கள். முதலில் கேடியிடம் பெயர் கேட்டுக்கொண்டு, வயதுக்கு ஏற்ப அண்ணே என்றோ தம்பி என்றோ அழையுங்கள். பல ஆண்டுகளாக அந்த மண்ணில் நடந்தவர் அவர். உங்கள் உண்மையான தொலைவை அவரிடம் சொல்லிவிடுங்கள்: "அண்ணே, ஏழாம் எண் ஐயனில் நூற்று முப்பது கஜம்தான் போகும்." அதன்பின் அவர் கொடுக்கும் மட்டையை நம்பி அடியுங்கள். மலைத் திடலில் காற்று அடர்த்தி குறைவதால் பந்து கூடுதல் தூரம் போகும். 2,100 மீட்டர் உயரத்தில் இது ஏறக்குறைய 8 விழுக்காடு. கடல் மட்டத்தில் 150 கஜம் போகும் அடி அங்கே 162 கஜம் போகும். நம் ஊரோ கடல் மட்டத்துக்குச் சற்றே மேலே இருப்பது. அதனால் நாம்தான் இந்த வேறுபாட்டை மிகுதியாக உணர்வோம். குளிர்ந்த காலையில் பந்து சற்றுக் குறைவாகவே பறக்கும் என்பதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். குழியைச் சுற்றியுள்ள வழவழப்பான புல்தரையான கிரீனில் கண்ணை நம்பாதீர்கள். மலைச்சரிவில் சமமாகத் தெரியும் தரை உண்மையில் சாய்ந்திருக்கும். பந்து எந்தப் பக்கம் திரும்பும் என்று கேடி விரலால் காட்டும் இடத்தை நோக்கி அடியுங்கள்.

விருந்தினராக வந்தவர் மறக்கக் கூடாதது வேகம். பந்தைத் தேட மூன்று நிமிடம்தான் விதி. பந்து தொலைந்திருக்கும் என்று ஐயம் எழுந்தால் தற்காலிகப் பந்து ஒன்றை அங்கேயே அடித்துவிட்டு நடங்கள். ஆயத்தமாக இருப்பவர் முதலில் அடிக்கலாம். முன்னால் ஒரு குழி முழுதும் காலியாகி, பின்னால் ஆட்கள் காத்து நின்றால், ஒதுங்கி நின்று கையசைத்து அவர்களை முன்னே போகச் சொல்லுங்கள். பெயர்ந்த புல்துண்டை எடுத்து அதே இடத்தில் வைத்து மிதியுங்கள், கிரீனில் பந்து விழுந்த தழும்பை ஓரங்களிலிருந்து நடுவை நோக்கி நெருக்கிச் சமன் செய்யுங்கள், பங்கரில் உங்கள் காலடித் தடத்தை வாரிவிட்டு ஏறுங்கள். நாற்றங்காலில் கால் வைத்தவர் தடத்தைச் சரிசெய்துவிட்டு ஏறுவது நமக்குப் புதிதல்ல. இடி கேட்டால் கிளப் சங்கு ஊதும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. மின்னல் ஆபத்து என்று நீங்களே கருதினால் ஆட்டத்தை நிறுத்த விதி இடம் தருகிறது. மரத்தடியில் மட்டும் ஒதுங்காதீர்கள்.

ஆட்டம் முடிந்ததும் கேடிக்குக் கிளப் நிர்ணயித்த தொகையை முழுதாகவும், அதற்கு மேல் உங்கள் மனத்துக்குத் தோன்றியதையும் கையிலேயே கொடுங்கள். நடுவில் நிறுத்தி டீ குடித்தால் அவருக்கும் வாங்கிக் கொடுங்கள். ஸ்கோர் அட்டையில் உடன் ஆடியவரின் கையெழுத்தைப் பெற்று, அதைப் படம் எடுத்துச் சொந்தக் கிளப்புக்கு அனுப்பினால் அந்தச் சுற்றும் உங்கள் ஹேண்டிகேப் கணக்கில் சேரும். வீட்டுக்கு வந்ததும் மட்டைகளைத் துடைத்து லேசாக எண்ணெய் தடவி வையுங்கள், நம் கடலோர ஈரக் காற்றில் ஐயன்கள் ஒரே மழைக்காலத்தில் துருவேறிவிடும். அந்த வாரமே கிளப் செயலாளருக்கு நான்கு வரியில் நன்றிக் கடிதம் ஒன்று எழுதி, உதவிய கேடியின் பெயரையும் அதில் குறிப்பிட்டுவிடுங்கள். அடுத்த மாசியில் நீங்கள் மறுபடி அனுமதி கேட்கும்போது, அந்தக் கடிதத்தைக் குறிப்பிட்டே உங்கள் மின்னஞ்சலைத் தொடங்கலாம்.